நாயின் சந்ததியும் நம்முடைய கையொப்பமும்

வீட்டில் வளரும் நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்விப்பது பாவமா என்று கேட்கிறவர்களுக்கு இக்காலத்தில் இரண்டு விதமான பதில்கள் தயாராகக் கிடைக்கின்றன. பாவமே இல்லை, அது நாய்க்கு நன்மை, வியாதி குறையும், ஆயுள் கூடும் என்று பிராணி வைத்தியர்களும் ஜீவகாருண்ய சங்கத்தாரும் சொல்லுகிறார்கள். வாயில்லா ஜீவனின் வம்சத்தை அறுக்காதே, அந்தப் பாவம் ஏழு தலைமுறைக்கும் விடாது என்று வீட்டுப் பெரியவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்லுகிறார்கள். முதல் பதில் கேட்பவனுடைய மனச்சாட்சியைத் தூங்கப் பண்ணுகிறது. இரண்டாவது அவனை மிரட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. கேள்வி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒரு பிராணியின் உடலில், அதன் சம்மதமின்றி, அதன் சந்ததியையே நிறுத்திவிடும் ஒரு காரியத்தைச் செய்ய மனிதனுக்கு என்ன அதிகாரம் என்பதே அந்தக் கேள்வி. அது வைத்தியத்தைச் சேர்ந்ததன்று, தர்மத்தைச் சேர்ந்தது.

ஆயினும் காரியம் இன்னதென்று முதலில் கண்ணெதிரே வைத்துக்கொள்வது நல்லது. காரியத்தை அறியாமல் தர்மத்தை விசாரிக்கப் புகுகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் பயத்தையே விசாரித்துவிட்டுத் திரும்புகிறார்கள். பெட்டை நாயானால் மயக்க மருந்து கொடுத்து, வயிற்று மயிரை மழித்து, தொப்புளுக்குக் கீழே கீறி, சூலகங்கள் இரண்டையும் கருப்பையையும் எடுத்துவிட்டு, உள்ளேயிருந்து வெளியே அடுக்கடுக்காகத் தையல் போடுகிறார்கள். ஆண் நாயானால் வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. சிறிய கீறல் ஒன்றின் வழியே விதைகளை எடுப்பதோடு வேலை முடிகிறது. ஆறு மாத வயதையொட்டிச் செய்வது பொது வழக்கமென்றாலும், பெரிய ஜாதி நாய்களுக்கு மூட்டும் எலும்பும் வளர்ந்து முடியட்டும் என்று ஒரு வருஷம், அதற்கு மேலும்கூட, பொறுக்கச் சொல்லும் வைத்தியர்கள் இப்போது அதிகம். பெட்டை பருவத்தில் இருக்கும்போது ரத்த ஓட்டம் மிகுந்திருக்குமாதலால் அந்த நாட்களைத் தவிர்க்கிறார்கள். முந்திய இரவு ஆகாரத்தை நிறுத்திவிட வேண்டும். மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது மூச்சுக் குழலில் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். மறுநாள் காலையில் நாய் வழக்கம்போல் தன் தட்டின் முன் வந்து உட்கார்ந்து, தட்டையும் நம் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும். தட்டை மூக்கால் ஒரு தரம் தள்ளியும் காட்டும். ஏகாதசியன்று நாம் இருக்கும் பட்டினிக்கு நமக்குக் காரணம் தெரியும். இதற்குத் தெரியாது, தெரிவிக்கவும் நம்மிடம் பாஷை இல்லை. பின்னால் நடக்கப்போகிற எல்லாவற்றின் சுபாவமும் இந்தக் காலைப் பொழுதிலேயே அடங்கியிருக்கிறது.

இந்தச் சங்கடம் புதிதன்று. ஏரும் வண்டியும் உள்ள நாடெல்லாம் காளையைக் காயடித்தே பிழைத்து வந்திருக்கின்றன. காயடிக்காத காளை நுகத்துக்கு எளிதில் அடங்காது. கால்களைக் கட்டிக் கீழே தள்ளி, இரண்டு கட்டைகளுக்கிடையே விதையை நசுக்கும் அந்தப் பழைய முறையில் மயக்க மருந்து என்ற பேச்சே கிடையாது. காளை அலறுகிற சத்தம் தெருக்கோடிவரை கேட்கும். ஆனால் அதே நாட்டில் யாக்ஞவல்கிய ஸ்மிருதி, காளைக்கும் சிறு பசுக்களுக்கும் ஆண்மையைக் கெடுப்பவனுக்கு அபராதம் விதிக்கிறது. ஜைன இல்லறத்தாரான சிராவகர்களுக்கு விலக்கப்பட்ட பதினைந்து ஜீவனோபாயங்களில், பிராணிகளைக் காயடித்தும் அங்கஹீனம் செய்தும் பிழைக்கும் நிர்லாஞ்சன கர்மமும் ஒன்று. சாஸ்திரம் ஒன்று சொல்ல, வயல் ஒன்று செய்ய, இரண்டும் பல நூற்றாண்டுகள் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் சச்சரவில்லாமல் குடியிருந்திருக்கின்றன. காயடித்த மாடு உழுத நிலத்து அரிசியைச் சாப்பிட்டுக்கொண்டே காயடிப்பவனைத் தாழ்வாக நினைத்த சமூகம் நம்முடையது. பாவத்தைச் செய்ய ஓர் ஆள், அதன் பலனை உண்ண வேறோர் ஆள் என்ற இந்த ஏற்பாட்டைப் போல வசதியானது உலகத்தில் வேறில்லை.

இந்த வசதிக்கு உடன்படாமல், ஆனால் உழவையும் நிறுத்திவிடாமல், நடுவில் நின்று யோசித்த ஒருவன் அசோகச் சக்கரவர்த்தி. டில்லியில் பிரோஸ் ஷா கோட்லாவின் மேல் இன்று நிற்கும் தூணில் அவனுடைய ஐந்தாவது தூண் சாசனத்தை வாசிக்கலாம். பட்டாபிஷேகமாகி 26 வருஷங்கள் கழிந்தபின் வெளியிட்ட சாசனம் அது. கொல்லத்தகாத பிராணிகளின் பெயர்களை அடுக்கிக்கொண்டு போன பிறகு, அஷ்டமி, சதுர்த்தசி, பௌர்ணமி, அமாவாசை, பூசம், புனர்பூசம் முதலிய நாட்களில் காளை, வெள்ளாட்டுக் கடா, செம்மறிக் கடா, பன்றி ஆகியவற்றையும், வழக்கமாகக் காயடிக்கப்படும் மற்றப் பிராணிகளையும் காயடிக்கலாகாது என்று அதில் கட்டளையிடுகிறான். சில நாட்களில் குதிரைக்கும் மாட்டுக்கும் சூடு போடலாகாது என்றும் சேர்த்துக்கொள்கிறான். முதலில் படிக்கும்போது இது வேடிக்கையாகத் தோன்றும். பாவமென்றால் எல்லா நாளும் பாவம். பாவமில்லையென்றால் பௌர்ணமியில் மட்டும் என்ன வந்தது என்று தர்க்கம் செய்யத் தோன்றும். ஆனால் கலிங்கத்தில் அத்தனை ரத்தத்தைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு அவ்வளவு தர்க்கம் தெரியாதென்று நினைப்பது நம் அகம்பாவமே ஆகும். காயடித்தலை நிறுத்தினால் உழவு நிற்கும், உழவு நின்றால் ஜனங்கள் பட்டினி கிடப்பார்கள் என்பதை அவன் அறிவான், ஆகவே நிறுத்தவில்லை. ஆனால் அதைக் கூசாமல் செய்யக்கூடிய காரியமாகவும் விட்டுவைக்கவில்லை. மாதத்தில் சில நாட்களில் கையைக் கட்டிவைத்ததன் மூலம், மற்ற நாட்களிலும் கை கொஞ்சம் தயங்கும்படி செய்தான். ஒரு ஹிம்சை தவிர்க்க முடியாதது என்பதும் அது ஹிம்சையே என்பதும் ஒருங்கே உண்மையாக இருக்கலாம் என்பதற்கு இதைவிடப் பழைய ராஜாங்க சாட்சியம் எனக்குத் தெரியாது.

நம்முடைய நாடாளுமன்றம் 1960-ல் இயற்றிய பிராணி வதைத் தடைச் சட்டமும், விசித்திரமாக, அசோகன் நின்ற இடத்திலேயே வந்து நிற்கிறது. ராஜ்ய சபையில் ருக்மிணி தேவி அருண்டேல் விதைத்த யோசனையிலிருந்து முளைத்த அந்தச் சட்டம், எவையெல்லாம் கொடுமை என்று விரிவாக வகுத்துவிட்டு, விதிப்படி செய்யும் காயடித்தலையும் சூடு போடுதலையும் மூக்கணாங்கயிறு குத்துதலையும் அவற்றிலிருந்து விலக்கி வைக்கிறது. காயடித்தலும் சூடும் மீண்டும் ஒரே வாக்கியத்தில் வந்து சேர்ந்ததை, இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷங்களில் நாம் நகர்ந்த தூரம் இவ்வளவுதானா என்றும் பார்க்கலாம். விஷயம் உண்மையிலேயே அவ்வளவு கடினமானது என்றும் பார்க்கலாம். நான் இரண்டாவதைச் சேர்ந்தவன்.

மற்றச் சமயத்தாரும் இதில் தப்பவில்லை. யூதர்களுடைய லேவியராகமம் விதை நசுங்கியதையும் அறுபட்டதையும் பலியிடலாகாது என்று விலக்குமிடத்திலேயே, உங்கள் தேசத்தில் அதைச் செய்யவும் வேண்டாம் என்கிறது. பலிக்கு உதவாத நாயைக் காயடிக்கலாமா என்று பென் ஸோமா என்ற அறிஞரிடம் கேட்டதாகவும், தேசத்தில் உள்ள எதையுமே செய்யலாகாது என்று அவர் அந்த வாசகத்துக்குப் பொருள் கண்டதாகவும் தால்முத் கூறுகிறது. இதனால் ஆசாரமுள்ள யூதக் குடும்பங்கள் இன்றைக்கும் தங்கள் நாயைக் கொண்டுபோகுமுன் ரப்பியிடம் போய் வழி கேட்கின்றன. 2015-ல் இஸ்ரேலிய விவசாய மந்திரி ஒருவர், தெருப் பூனை நாய்களுக்குக் கருத்தடை செய்யும் பணத்தைக் கொண்டு அவற்றில் ஆணையோ பெண்ணையோ மட்டும் வேறு நாட்டுக்கு ஏற்றுமதி செய்துவிடலாமே என்று யோசனை சொல்லி ஊர் சிரிக்க வைத்தார். இஸ்லாமிய நியாய சாஸ்திரிகளிலும் பிராணிகளைக் காயடிப்பதை அடியோடு வெறுத்தவர்கள் உண்டு. பயனோ தீங்கு நீக்கமோ இருக்குமானால் அனுமதித்தவர்களும் உண்டு. ஆனால் கத்தியைத் தொட மாட்டேன் என்ற சங்கல்பம் எங்கே கொண்டுபோய் விடக்கூடும் என்பதற்கு 1910-ல் இஸ்தான்புல் நகரத்தில் நடந்தது போதும். பல்லாயிரம் தெருநாய்களைப் பிடித்து, மர்மராக் கடலில் தண்ணீரும் தீனியும் இல்லாத ஒரு பாறைத் தீவில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். நேராகக் கொல்லவில்லை. அவை ஒன்றையொன்று தின்று, கடலில் விழுந்து, பசியால் செத்தன.

நாயின் விஷயத்தில் நம் இதிகாசம் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்கிறது என்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. தர்மபுத்திரர் நாயை விட்டுவிட்டு சுவர்க்கம் புக மறுத்த கட்டத்தைக் குழந்தைகளும் அறியும். மகாபாரதம் ஏறக்குறைய அந்த நாயில் முடிகிறது. அது தொடங்குவதும் ஒரு நாயில் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குருக்ஷேத்திரத்தில் ஜனமேஜயன் நடத்திய யாகத்துக்கு ஒரு நாய்க்குட்டி வருகிறது. அரசனுடைய தம்பிகள் அதை அடித்து விரட்டுகிறார்கள். குட்டி அழுதுகொண்டே தாயான சரமையிடம் போய், நான் ஹவிஸை நக்கவுமில்லை, பார்க்கவுமில்லை என்கிறது. சரமை யாகசாலைக்கே வந்து, என் மகன் செய்த குற்றம் என்ன என்று கேட்கிறாள். அரசன் வீட்டார் ஒருவரும் வாய் திறக்கவில்லை. குற்றமில்லாதவனை அடித்தபடியால் எதிர்பாராத பயம் உங்களை வந்து அடையட்டும் என்று சபித்துவிட்டுப் போகிறாள். தர்மபுத்திரரின் நாய் கடைசியில் தர்மதேவதையாக மாறிவிடுவதால் அந்தக் கதை நமக்குச் சுலபமாயிருக்கிறது. சரமையின் கதை அப்படிச் சுலபமானதன்று. அதில் நாய் நாயாகவே இருந்து, தாயாக வந்து, காரணம் கேட்கிறது. கருத்தடைக்கு நாம் சொல்லும் காரணம் அவள் முன்னே சொல்லக்கூடிய காரணமாக இருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

அப்படிப் பார்த்தால், ஒரு தரமாவது குட்டி போடட்டும், தாய்மையை அனுபவித்துவிட்டுப் போகட்டும் என்கிறார்களே, அது என்ன? கேட்பதற்கு உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெட்டை நாயிடத்தில் தாய்மை எவ்விதம் எழுகிறது என்று பார்த்தவர்களுக்குச் சிறிது சந்தேகம் உண்டாகும். பருவம் கழிந்து ஏறக்குறைய இரண்டு மாதமானதும், ஆண் நாயின் நிழலே படாத பெட்டைக்கும் சில சமயம் பொய்க் கர்ப்பம் காண்கிறது. மடி பெருத்துப் பால் கட்டுகிறது. கட்டிலடியில் துணிகளை இழுத்துப்போட்டுப் படுக்கை செய்கிறது. வீட்டிலுள்ள பழைய செருப்பு ஒன்றைக் கவ்விக்கொண்டுபோய் வயிற்றோடு அணைத்து வைத்து நக்கிக்கொண்டிருக்கிறது. எடுக்கப் போனால் பல்லைக் காட்டுகிறது. சில வாரங்களில் எல்லாம் தானாக ஓய்ந்து, செருப்பு மறுபடி செருப்பாகிவிடுகிறது. இதைக் கண்டு, நாயின் தாய்மை வெறும் சுரப்பிகளின் லீலை என்று சிரிப்பவர்களோடு நான் சேர மாட்டேன். மனுஷியின் தாய்மையிலும் சுரப்பிகளுக்குப் பங்கில்லாமல் போகவில்லை. நான் சொல்வதெல்லாம், அந்த ஆசை வரும்போது முழுமையாக வருகிறது, போகும்போது முழுமையாகப் போகிறது என்பதே. பெறாமல் போன குட்டிகளை எண்ணி வருஷக்கணக்காக ஏங்குவதற்கு வேண்டிய எதிர்காலம் என்ற நினைப்பு நாயிடம் இருப்பதாகத் தெரியவில்லை. அந்த ஏக்கம் பெரும்பாலும் அதை வளர்க்கிறவருடைய ஏக்கம். குட்டிகளை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி எழும்போது அதுவும் அடங்கிவிடுகிறது.

இதற்குக் கூடுதலாக ஒரு தத்துவ ஆக்ஷேபமும் உண்டு. ஆகாரம், நித்திரை, பயம், மைதுனம் என்ற நான்கும் மனிதனுக்கும் மிருகத்துக்கும் பொது என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். பொதுச் சொத்தில் ஒரு பங்காளி மற்றவனுடைய பாகத்தை எடுத்துக்கொள்ளலாமா? பிறக்கவேண்டிய ஆன்மாக்களின் வழியை அடைப்பது ஈசனுடைய காரியத்தில் தலையிடுவதாகாதா? இரண்டாவது கேள்விக்குச் சைவ சித்தாந்தத்தைக் கொண்டே பதில் சொல்லலாம். ஆன்மாவுக்குத் தனு கரண புவன போகங்களை, அதாவது உடலையும் கருவிகளையும் உலகத்தையும் அனுபவங்களையும், கூட்டுவிப்பது இறைவன். ஆன்மாவைக் கட்டிய மலம் பரிபாகமடைவதற்கு எண்பத்து நான்கு நூறாயிரம் யோனி பேதங்களை வைத்திருக்கிறவனுக்கு, நம் வீட்டுப் பெட்டை ஒன்றின் கருப்பை இல்லாமல் காரியம் தடைப்பட்டுவிடும் என்று எண்ணுவது பக்தியன்று. முதல் கேள்விக்கு அவ்வளவு சுலபமாகப் பதில் வராது. பங்கை எடுத்துக்கொள்ளத்தான் செய்கிறோம். இயற்கையும் அதைக் கணக்கில் எழுதிக்கொள்கிறது: ஆபரேஷனான நாய்க்கு உடம்பின் செலவு குறைகிறது, பசியோ கூடுகிறது. பழைய அளவிலேயே சோறு போட்டுவந்தால் சில மாதங்களில் அது பீப்பாயாகிவிடும். நான்கில் ஒன்றை எடுத்தால் முதலாவது அந்த இடத்தையும் சேர்த்து நிரப்பிக்கொள்கிறது.

இங்கேதான், நாய்க்கே நன்மை என்ற முதல் பதிலையும் கொஞ்சம் உரசிப் பார்க்கவேண்டும். அதில் பொய் இல்லை. வயதான பெட்டைகளின் கருப்பையில் சீழ் கட்டி உயிரைக் கொண்டுபோகும் கொடிய நோய், கருப்பையே இல்லாததற்கு வராது. முதல் பருவத்துக்கு முன்பே செய்தால் மடியில் புற்றுக் கட்டி வரும் அபாயம் மிகவும் குறைகிறது. ஆண் நாய்க்கு விதையில் கட்டி வருவதற்கில்லை, பெட்டை வாடை பிடித்துச் சுவரேறிக் குதித்து வண்டியில் அடிபடுவதும் குறையும். ஆனால் கணக்கின் மறு பக்கமும் உண்டு. சில பெட்டைகளுக்குப் பிற்காலத்தில் தூக்கத்தில் சிறுநீர் கசிகிறது. சில பெரிய ஜாதிகளில் மிக இளமையில் செய்தால் மூட்டுக் கோளாறுகள் அதிகமாகின்றன. பயத்தினால் கடிக்கிற நாய் ஆபரேஷனுக்குப் பிறகு சாதுவாகிவிடும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. நன்மையே மிகுதி என்று நானும் நம்புகிறேன். நம்பினாலும், நாய் பருவத்தில் இருக்கும் வாரங்களில் தரையெல்லாம் ரத்தத் துளி விழாதிருப்பதும், வாசலில் ஆண் நாய்க் கூட்டம் ஊளையிடாதிருப்பதும், குட்டிகளைக் கூடையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக அலையாதிருப்பதும் யாருடைய நன்மை? அது நம்முடையது. சரமையின் முன் அதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

ஆண்பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை. பெட்டைக்கு வயிற்றைக் கிழிக்கச் சிறிதும் தயங்காத கிருகஸ்தர், ஆண் நாயின் பேச்சு வந்தவுடன், பாவம், அவனை விட்டுவிடுங்கள் என்று இழுக்கிறார். ஆண் நாய்க்கே சிகிச்சை சிறியது, அபாயம் குறைவு, காயமும் சீக்கிரம் ஆறும் என்று வைத்தியர் எடுத்துச் சொன்னாலும் அவர் முகம் தெளிவதில்லை. அந்தக் கூச்சம் நாயின்பொருட்டு வந்ததன்று என்பது அருகில் நிற்கும் அவர் மனைவிக்கு நன்றாகத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் ஒரு காகிதத்தை நீட்டுகிறார்கள். மயக்க மருந்தினால் நேரக்கூடிய அபாயத்தை அறிந்து சம்மதிக்கிறேன் என்று அதில் அச்சிட்டிருக்கும். கீழே நாயின் பெயர், வயது, ஜாதி, நிறம், சொந்தக்காரரின் கையொப்பம். ஒருவருடைய உடம்புக்கு மற்றொருவர் கையெழுத்திடுவது உலகத்தில் நடவாததன்று. குழந்தைக்குத் தகப்பன் இடுகிறான். ஆனால் அந்தக் குழந்தை வளர்ந்து, ஏன் இட்டாய் என்று ஒரு நாள் கேட்கலாம். நாய் கேட்காது. கேட்கமாட்டாத ஒன்றுக்காக இடும் கையெழுத்து, கேட்கக்கூடியதற்காக இடுவதைவிடக் கனமானது என்று எனக்குப் படுகிறது. அந்த அதிகாரம் நமக்கு எங்கிருந்து வந்ததென்றால், நாய் காட்டுப் பிராணியாக இல்லாமற் போனதிலிருந்து வந்தது. ஓநாயின் வம்சத்தைப் பல்லாயிரம் வருஷங்களுக்கு முன் நம் அடுப்பங்கரைக்கு அழைத்து, யாரோடு யார் கூடலாம், எது எவ்வளவு உயரம் இருக்கலாம், எதற்கு மூக்கு சப்பையாகலாம் என்பதுவரை நாம் தீர்மானித்துவிட்ட பிறகு, அதன் சந்ததியில் நான் தலையிடமாட்டேன் என்று சொல்லும் யோக்யதை நமக்கில்லை. தலையிட்டாகிவிட்டது, இனி உள்ளது அதன் பொறுப்பு மட்டுமே.

காந்தியடிகள் 1926-ல் அகப்பட்டுக்கொண்ட விவகாரத்திலும் இதுவே உள்ளுறை. ஆமதாபாத்தில் மில் முதலாளி ஒருவர் தம் ஆலைப்புறத்தில் திரிந்த 60 நாய்களைக் கொல்வித்து, பிறகு மனம் பொறாமல் காந்தியிடம் வந்தார். வேறென்ன செய்திருக்க முடியும் என்று காந்தி சொல்லிவிட, ஊர் கொதித்தெழுந்தது. தம் ‘யங் இந்தியா’ பத்திரிகையில் வாரக்கணக்காக அவர் பதில் எழுதவேண்டியதாயிற்று. சொந்தக்காரனில்லாத நாய்கள் தெருவில் திரிவது சமூகத்துக்கு அவமானம் என்பதும், வாசலில் எச்சில் சோற்றை எறிந்துவிட்டு அதைக் கருணையென்று எண்ணிக்கொள்வது அஹிம்சையாகாது என்பதும் அவருடைய வாதத்தின் சாரம். அவருடைய முடிவு முழுவதையும் நான் ஏற்கவில்லை. ஆனால் எறிகிற சோற்றுக்குப் பின்னால் பொறுப்பு இருக்கவேண்டும் என்ற இடத்தில் அவரை மறுக்க முடியாது. மேற்கு வங்காளத்தில் தெருநாய்க் குட்டிகளைக் கூடவே இருந்து கணக்கெடுத்த ஆராய்ச்சி ஒன்றில், ஏழு மாதத்தைக் கண்டவை ஐந்தில் ஒன்றுகூட இல்லை. செத்தவற்றில் பாதிக்கு மேல் மனிதர்களால் ஏதோ ஒரு விதத்தில் செத்தவை. வம்சத்தை அறுக்காதே என்று சொல்லி நாம் காப்பாற்றிய வம்சம் இப்படித்தான் சக்கரத்தடியில் போகிறது.

சென்னையில் மாநகராட்சி பல காலம் தெருநாய்களைப் பிடித்துப்போய்க் கொன்று வந்தது. 1959-ல் தோன்றிய புளூ கிராஸ் என்ற ஜீவகாருண்ய சங்கம் 1964 முதலே கருத்தடையை மாற்று வழியாக வற்புறுத்திவந்தும், கொல்வது நின்று கருத்தடை தொடங்கியது 1996-ல்தான். 2001-ல் மத்திய அரசாங்கம் இதற்கென்று விதிகளே வகுத்தது. அவற்றின் இடத்தில் 2023-ல் புது விதிகள் வந்தன. அந்த விதிகளின்படி வலை வீசிப் பிடித்து, சிகிச்சை செய்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, அடையாளமாகக் காதின் ஓரத்தைக் கத்தரித்து, பிடித்த தெருவிலேயே கொண்டுவந்து விடவேண்டும். டில்லித் தெருக்களிலுள்ள நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கும்படி 2025 ஆகஸ்டில் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றமே, பதினொரு நாளில் அதைத் திருத்தி, வெறிநோய் உள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் தவிர மற்றவற்றைச் சிகிச்சைக்குப்பின் பிடித்த இடத்திலேயே விடச் சொல்லிற்று. காது கத்தரித்த நாயைக் கண்டு, குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சு, இனி ஒன்றும் செய்யாது என்று தெருவார் சொல்லிக்கொள்வதுண்டு. கடிக்காது என்பதற்கு அந்தக் காது அத்தாட்சியாகாது என்பதை மட்டும் குழந்தைகளுக்குச் சொல்லிவைப்பது நலம். கருத்தடையை விட அந்த ஊசியே அவசரமானது. பத்தில் ஏழு நாய்களுக்காவது அது போய்ச் சேர்ந்தால்தான் ரேபிஸ் அடங்கும் என்கிறார்கள்.

தெருநாய்க்குச் செய்வதை ஊர் பார்த்துக்கொள்ளும் என்று ஒருவாறு விட்டுவிடலாம். வீட்டு நாயின் விஷயத்தில் அந்தக் கையெழுத்தின் கனம் நமக்குத் தெரிவது ஆபரேஷனுக்குப் பிறகு வரும் பத்துப் பதினான்கு நாட்களில். மாலையில் வீடு திரும்பும் நாய் கால்கள் பின்னப் பின்ன நடக்கும், முணங்கும், நம்மை அடையாளம் தெரியாததுபோல் விழிக்கும். அதில் வலியும் உண்டு, மருந்தின் மயக்கமும் உண்டு. கொஞ்சம் தண்ணீரும், கேட்டால் கொஞ்சமே கொஞ்சம் மிருதுவான சோறும் போதும். வலிக்கு வைத்தியர் தந்த மருந்தன்றி, நமக்கு வாங்கி வைத்த மாத்திரையைக் கருணையால்கூடக் கொடுக்கலாகாது. மனிதருக்கு உதவும் வலி மாத்திரைகள் பல நாய்க்கு விஷம். நக்கினால் தையல் அறுமாதலால் கழுத்தில் புனல்போல் ஒரு பிளாஸ்டிக் பட்டையைக் கட்டுவார்கள்; அதோடு கதவு நிலையிலும் நாற்காலிக் காலிலும் முட்டிக்கொண்டு நாய் நம்மைப் பார்க்கும் பார்வைக்கு இரங்கி அதைக் கழற்றிவிடுகிறவர்களே மறுபடி தையலுக்கு ஓடுகிறார்கள். குளிப்பாட்டக் கூடாது, மாடிப்படி ஏறவிடக் கூடாது, மற்ற நாய்களோடு விளையாடவிடக் கூடாது. காலையும் மாலையும் காயத்தைப் பார்க்கவேண்டும்: லேசான சிவப்பும் வீக்கமும் சகஜம், சீழ், நாற்றம், நிற்காத கசிவு, ஓயாத வாந்தி, ஈறு வெளுத்துப்போதல் என்றால் அந்த நிமிஷமே கொண்டுபோகவேண்டும். ஆண் நாய் இன்னும் சில வாரங்களுக்குச் சந்ததி உண்டாக்க வல்லது என்பதையும் மறக்கலாகாது. ஹிம்சையைச் செய்துவிட்டு அதன் பிராயச்சித்தத்தைப் புரோகிதரிடம் ஒப்படைக்கும் வழக்கம் நமக்கு உண்டு. இதில் அதற்கு இடமில்லை, எல்லாம் நம் கையாலேயே செய்து தீரவேண்டியவை.

எங்கள் தெருவில் ஒரு பாட்டியம்மாள் இருக்கிறார். பேரன் வளர்க்கும் பெட்டைக்கு ஆபரேஷன் நிச்சயமாகி, கிடைத்த நாள் அமாவாசையாக இருந்தது. கூடாது என்று ஒரே பிடிவாதமாக நின்றுவிட்டார். ஆபரேஷனே கூடாதென்கிறாயா என்று பேரன் கேட்டதற்கு, "அதை நான் சொல்லலையேடா, பண்ணித்தான் ஆகணும், அந்த நாளில் வேண்டாம்" என்றார். படித்த பையனாதலால் அவனுக்குக் கோபம் வந்தது. பகுத்தறிவைப் பற்றி அரை மணி நேரம் பேசினான். பாட்டியம்மாள் அசோகனைப் படித்தவர் அல்லர். நான் அவனைத் தனியே அழைத்து டில்லித் தூணைப் பற்றிச் சொன்னேன். நம்பாமல் தன் போனில் தேடிப் படித்துப் பார்த்தான். ஆஸ்பத்திரியில் அடுத்த வியாழக்கிழமை இடமிருந்தது. அதற்கு மாற்றிக்கொண்டார்கள்.